சிவப்பு அட்டை மேல் ஒரு கை

ராத்திரி பதினொன்றேகால். வக்காரியா டவுனிலிருந்து மேட்டுக்கு ஏறுகிற ரோடு. ஆகஸ்ட், நம் பக்கத்தில் நடுக்குளிர் காலம்… பனி. விளக்கு வெளிச்சம் பத்தடிக்கு மேல் போகவில்லை. வால்மோர் காரில் தனியாக வருகிறான். பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின்.

நம் ஜந்திர் இருக்கிறானே, அவனுடைய பெரியப்பா மகன்தான் வால்மோர். ஜந்திர் வாயாலேயே கேட்டது இது. அவித்த பைன் கொட்டை வேண்டியவர்கள் இப்போதே எடுத்துக்கொண்டு பானையை மூடுங்கள். நடுவில் சத்தம் வேண்டாம்.

டின்னுக்குள் அட்டைகள். சனிக்கிழமை தோறும் டயர் கடைப் பின்னறையில் நாலு பேர் கதை ஆட்டம் ஆடுவார்கள். கதையை நடத்துகிறவன் வால்மோர். கதைக்குள் ஆளாக நுழைகிறவர்கள் ஜந்திர், அவன் மனைவி கிளேனி, அப்புறம் நெல்சி. சோள அவல் டப்பாவைக் கத்தரித்து, வீட்டில் தோன்றியதை எழுதி, பேர் போடாமல் டின்னில் போட வேண்டும். வால்மோர் மூன்று உருவுவான். ஒரு இடம். ஒரு ஆள். ஒரு ரகசியம். மூன்றையும் கோத்தால் அன்றைக்கு ஒரு சாகசம். திருப்பம் வரும்போதெல்லாம் நிறுத்தி, யாராவது ஒருத்தர் முகத்தைப் பார்த்துக் கேட்பான்.

"என்ன செய்யறே?"

மேசை நடுவில் ஒன்றும் எழுதாத சிவப்பு அட்டை. கதை யாருக்காவது தாங்கவில்லையா, அதன் மேல் கையை வைத்தால் போதும். அங்கேயே நின்றுவிடும். ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. இந்த விதியைக் கொண்டுவந்ததே வால்மோர்தான்.

நெல்சி அதிகம் பேசமாட்டாள். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். டின்னில் இருக்கிற நல்ல அட்டை எல்லாம் அவளுடையது. ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, தன் நோட்டை பெஞ்சில் வைத்துவிட்டு விறகு எடுக்கப் போனாள். வால்மோர் அதைத் திறந்தான். ஒரு வரி அவனைப் பிடித்துக்கொண்டது.

'அடுக்களை. கதவு வெளிப்பக்கம் பூட்டு. சாவி அப்பாவிடம்.'

அப்படியே ஓர் அட்டையில் எழுதி டின்னில் போட்டான். அன்றைக்கே அது வெளியே வந்தது. உருவினானா, தேடி எடுத்தானா… அவனுக்குத்தான் தெரியும்.

"உள்ளே ஒரு பொண்ணு. இருட்டு. வெளியில சாவி குலுங்குது… நெல்சி, என்ன செய்யறே?"

நெல்சியின் கை சிவப்பு அட்டை மேல் போய் உட்கார்ந்தது.

வால்மோர் பார்த்தான். ஆனால் மேசையில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. அப்படி ஒரு ஆட்டம் அவனுக்கு அதுவரை அமைந்ததில்லை.

"இன்னும் ஒரு நிமிஷம்," என்றான். மேலே சொன்னான்.

"விடாதடா, நல்லாப் போகுது," என்றாள் கிளேனி.

மாத்தே இலைத் தண்ணீர்க் குடுவை ஒன்றுதான், குழாயால் உறிஞ்சி முறை வைத்துச் சுற்றி வரும்; அப்போது நெல்சி முறை. அவள் குடிக்கவில்லை. நோட்டையும் கம்பளிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். யாரும் பின்னால் போகவில்லை. வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர் நடை. நாற்பத்தோராவது கிலோமீட்டர் கல் பக்கத்தில், பனியில், மரம் ஏற்றின ஒரு லாரி…

இங்கே கடையில் ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். இந்த வருஷத்திலேயே நல்ல ஆட்டம் என்று ஜந்திர் சொன்னானாம். குடுவை நிறைந்தபடியே ஆறிக் கிடந்ததாம்.

அடக்கத்தன்று நெல்சியின் அம்மா ஸெல்மிரா, வால்மோர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க கையை வச்சா நிறுத்திடுவாங்கம்மான்னு சொல்லுவா. அதனாலதான் அனுப்பினேன். கையை வச்சாளா, தம்பி?"

"நான் பார்க்கலம்மா. வெளிச்சம் பத்தலை."

ஜந்திரும் கிளேனியும் தரையைப் பார்த்தார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் கோயில் வாசலில் அதே கேள்வி. அதே பதில்.

சரி. காருக்கு வாருங்கள்.

நாற்பதாவது கல் தாண்டியது. முதலில் வாசனை. நனைந்த கம்பளி… அதோடு, அப்போதுதான் வெட்டின பைன் மரத்துப் பிசின். வால்மோர் கண்ணாடியைத் திறக்கப் போனான். இன்ஜின் தானாக அடங்கி, கார் நின்றது.

பின்னாலிருந்து ஒரு சத்தம். டக். டின் மூடி மேல் அட்டையை வைக்கிற சத்தம். பக்கத்தில் பார்த்தான். டின் இல்லை.

"இடம்," என்றது ஒரு குரல். சத்தமாகப் பேசிப் பழகாத குரல். "மேட்டு ரோடு. நாற்பத்தோராவது கல்."

டக்.

"ஆள். கதை நடத்துறவன்."

டக்.

"ரகசியம்…"

அதை அந்தக் குரல் படிக்கவில்லை. பிறகு தூரத்தில் கனமான வண்டி ஒன்று இறக்கத்தில் வருகிற உறுமல்.

"வால்மோர், என்ன செய்யறே?"

அவன் சட்டைப் பையைத் துழாவினான். ஆட்டம் முடிந்தால் சிவப்பு அட்டை எப்போதும் அதில்தான் இருக்கும். எடுத்துத் தொடை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினான்.

பின்னாலிருந்து, மெதுவாக…

"இன்னும் ஒரு நிமிஷம்."

விடியும்போது ஜந்திர்தான் தேடிக்கொண்டு போனான். காரில் ஒரு கீறல் இல்லை. வால்மோர் தொடையிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"ஒரு நிமிஷம் ஆயிடுச்சாடா?" என்று கேட்டான். ராத்திரி நடந்ததை அப்புறம்தான் ஜந்திரிடம் துண்டு துண்டாகச் சொன்னான்.

பின் இருக்கையில் டின் இருந்தது. மூடி மேல் இரண்டு அட்டைகள். மூன்றாவது இல்லை.

அந்த இடத்துக்குக் கிட்டத்தில் இருக்கிற வீடு ஸெல்மிராவுடையதுதான். வேறு வழியில்லாமல் ஜந்திர் அவனை அங்கே கூட்டிப்போனான். அவள் வாசலிலேயே நின்றிருந்தாள். கையில் ஓர் அட்டை, சொட்டச் சொட்ட நனைந்து. மகளின் நோட்டுக்குள் இருந்ததாம். அந்த நோட்டு இரண்டு மாதமாக அலமாரியில் பூட்டிக் கிடந்தது. அட்டையில் ஒரே ஒரு சொல், வால்மோர் கையெழுத்தில்.

'பார்த்தேன்.'

இந்தத் தடவை அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. வெந்நீர் வைத்தாள். மாத்தே போட்டு, முதலில் தான் குடித்தாள். நிரப்பி ஜந்திரிடம் கொடுத்தாள். அடுத்தது வால்மோர் முறை. அவனைத் தாண்டினாள். நம் ஊரில் சுற்றில் ஒருத்தரைத் தாண்டினால், இனி நீ எங்களோடு இல்லை என்று அர்த்தம்; உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விளிம்பு வரைக்கும் நிரப்பி, மேசைக்கு அந்தப் பக்கம், யாரும் இல்லாத நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.



அப்புறம் கேட்டது… தண்ணீர் தீர்ந்து, குழாய் வெறும் இலையை உறிஞ்சுகிற சத்தம். கொர்ர்ர்…