எலும்புக்குள்ளிருந்து வந்த ஒளி

எனக்கு முன் பேசிய மூவரையும் முகம் சுளிக்காமல் தாங்கி, தலைமைப் பொறுப்பில் தளராமல் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே! வீட்டு வேலையை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! சுவரோரம் நின்று செவிமடுக்கும் தோழர்களே! ஸ்கேன் அறை ஊழியனின் வணக்கம்.

நம் மருத்துவமனைக்கு வந்திருக்கும் புதிய ஸ்கேன் கருவியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பழைய கருவியின் அடியில் படுத்த ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவரே அனுமதி தந்தார். பெயரை மட்டும் விடச் சொன்னார்.

அவர் பேருந்து நடத்துநர். பணிமனையில் 'விசிலக்கா' என்றால்தான் தெரியும். மார்பில் வந்த புற்றுக்கட்டியை அறுத்தெடுத்து மீண்டவர். சில ஆண்டுகள் கழித்து விலாவில் வலி. புற்று எலும்புக்கும் பரவிவிட்டதோ? ஸ்கேன் எழுதிக்கொடுத்தார் மருத்துவர். கணவர் பயந்துபோய் ஒரு மாதம் தள்ளிப்போட்டார்.

ஒருவழியாக வந்தார்கள். ஸ்கேனுக்கு முன் போடும் கதிர்மருந்து ஊசியைக் கண்டதும் கணவர் எழுந்துவிட்டார்.

"கதிரையே உடம்புக்குள்ள ஏத்துறாங்க. வா, போயிடலாம். தெரியாம இருந்தாலே நிம்மதி."

"தெரியலன்னா நீங்க தூங்குவீங்க. நான் தூங்கணுமே?" என்று கையை நீட்டினார் அக்கா. "தம்பி, இது உள்ள போயி என்ன பண்ணும்?"

என்ன பண்ணும்? அணுவின் நடுவே கரு. அதைச் சூழ்ந்து எலக்ட்ரான்கள். கூடுதல் ஆற்றல் ஏறினால், இரண்டுமே இறங்கத்தான் பார்க்கும். இறங்கும்போது மிஞ்சியதை ஒளியாக உதறும். எலக்ட்ரான் இறங்குவது சிறுபடி. பல நேரம் அதன் ஒளி நம் கண்ணுக்குத் தெரியும். கரு இறங்குவது பெரும்படி. அதன் ஒளி கண்ணுக்குத் தெரியாது, உடலையே ஊடுருவி வெளியே வரும். அதுதான் காமாக் கதிர். எலும்பு எங்கே மும்முரமாக வளர்கிறதோ, அங்கே, ஆற்றல் ஏறிய கருக்களைச் சுமந்த ஊசி மருந்து கூடும். அங்கிருந்து கதிர் கிளம்பும். கருவியின் படிகத்தில் மோதும். படிகத்து எலக்ட்ரான்கள் எகிறும், இறங்கும், மினுக்கென்று ஒளிரும். அந்த மினுக்கங்களைச் சேர்த்தால் படம்!

யாரது பின்வரிசையில்? ஊசி போட்டவர் இருட்டில் மின்னுவாரா என்கிறீர்களா? மின்ன மாட்டார் ஐயா! மின்னினால் எனக்கு ஏது வேலை?

படம் வந்தது. விலாவில் மூன்று புள்ளிகள். கணவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் ஆறுதல் சொல்லவில்லை. அந்த ஒளி 'இங்கே' என்று சொல்லும். 'இன்னது' என்று சொல்லாது.

மருத்துவர் வந்தார். மூன்றும் ஒன்றன்கீழ் ஒன்றாக, கோடு போட்டதுபோல் இருப்பதைக் கவனித்தார்.

"எங்கயாவது விழுந்தீங்களாம்மா?"

"விழலையே! டிரைவர் பிரேக் போட்டப்ப சீட்டுக் கம்பில மோதினேன். பஸ்ல அதெல்லாம் ஒரு விஷயமா டாக்டர்?"

விஷயம்தான்! அடுத்த பரிசோதனை உறுதி செய்தது. மூன்று விலாவிலும் கீறல், எலும்பு கூடிக்கொண்டிருந்தது. புற்று இல்லை.

கணவர் விம்மினார். அக்கா அவர் முதுகைத் தட்டி, "போன மாசமே வந்திருந்தா போன மாசமே அழுதிருக்கலாம்ல?" என்றார்.

பெரியோர்களே! எல்லார் கதையும் இப்படி முடிவதில்லை. புள்ளி புற்றாகவே இருந்த நாட்களையும் பார்த்திருக்கிறேன். ஒளிக்கு உங்கள்மேல் இரக்கமும் இல்லை, பகையும் இல்லை. கரு இறங்கும், கதிர் வரும், அவ்வளவே. ஆனால் பார்த்த பிறகுதானே மருந்து? பார்த்த பிறகுதானே வழி? துணிச்சலோடு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. தயங்கித் தயங்கி வாருங்கள், திட்டிக்கொண்டே வாருங்கள், பயந்து நடுங்கியபடியே வாருங்கள், ஆனால் வாருங்கள்!

ஒலிபெருக்கியை நம்பிக் கொடுத்தவர்களுக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.