ஆறு சட்டி, அறுபத்து மூணு குழம்பு

லோகேஸ்வரி: வாசல் போர்டுல அறுபத்து மூணு வகை குழம்புன்னு எழுதியிருக்கீங்க. இங்க ஆறு சட்டிதானே இருக்கு, மீரான் அண்ணே?

மீரான்: உட்காருங்கக்கா. ஃபேக்டரி விட்டு நேரா வர்றீங்களா? தே ஓ கலக்கச் சொல்லவா, பால் இல்லாம, சீனி கம்மியா...

லோகேஸ்வரி: பேச்சை மாத்தாதீங்க. மிச்சம் அம்பத்தேழு எங்க?

மீரான்: அந்த ஆறுக்குள்ளயேதான் லா. கோழி, ஆடு, மீன், இறால், கணவா போட்ட சோத்தோங், பருப்பு போட்ட தால்ச்சா. தனித்தனியா ஊத்தினா ஆறு. ரெண்டு ரெண்டா கலந்தா பதினஞ்சு. மூணு மூணா இருபது. நாலு நாலா மறுபடி பதினஞ்சு. அஞ்சஞ்சா ஆறு. எல்லாத்தையும் தட்டுல வெள்ளம் வந்த மாதிரி ஊத்தினா, அதுக்குப் பேரு பாஞ்ஜிர்... அது ஒண்ணு. கூட்டிப் பாருங்க.

லோகேஸ்வரி: சூலியா தெருவுல நாசி கண்டார் சோத்துக்கடை நடத்துறீங்களா, டியூஷன் நடத்துறீங்களா?

மீரான்: இது நம்ம சரக்கு இல்லக்கா. அந்தக் காலத்து வைத்தியர் சுஸ்ருதர், ஆறு சுவையை வச்சு இதே அறுபத்து மூணைச் சொல்லியிருக்காரு.

லோகேஸ்வரி: அந்த வைத்தியர் கலந்து சாப்பிடச் சொல்றாரு. எங்க டாக்டர் இந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாதுங்கிறாரு.

மீரான்: எங்க கடை அவருக்கும் பிடிக்கும்...

லோகேஸ்வரி: இருங்க. காம்பினேஷன்ங்கிற வார்த்தையே லத்தீன்ல ரெண்டு ரெண்டா சேர்க்கிறதுன்னுதான் வந்துச்சாம். அப்படிப் பார்த்தா உங்ககிட்ட பதினஞ்சுதான்.

மீரான்: அது வெள்ளைக்காரன் பட்ட பாடு. மூணு சேர்ந்தா என்ன சொல்றதுன்னு தெரியாம, ஒருத்தர் அந்த வார்த்தைக்கு நடுவுலயே மூணுன்னு நம்பரைச் செருகி எழுதினாராம். பேர் பின்னாடி பொறந்தது, கணக்கு முன்னாடி பொறந்தது. இதே எண்ணெல்லாம் வர்ற பாஸ்கல் முக்கோணத்தையே எடுத்துக்குங்க. நம்ம பக்கம் அதுக்கு மேருன்னு பேரு. சீனாவுல இருந்துச்சு, பாரசீகத்துல...

லோகேஸ்வரி: நிறுத்துங்க. இன்னொரு தடவை சொல்லுங்க.

மீரான்: பாரசீகமா?

லோகேஸ்வரி: பேர் பின்னாடி, கணக்கு முன்னாடி.

மீரான்: சும்மா... வாயில வந்துச்சு.

லோகேஸ்வரி: அது என் வீட்டுக்காரர் ஸ்கூல்ல ஃபார்ம் ஃபைவ் பிள்ளைங்களுக்குக் கணக்கு நடத்தும்போது சொல்றது. தூக்கத்துலயும் சொல்வாரு. அவர் இங்க வர்றாரா?

மீரான்: குணாளன் சாரா? பார்த்தே ரொம்ப நாளாச்சு லா...

லோகேஸ்வரி: அண்ணே, டாக்டர் ரூமை விட்டு வந்ததும் நாங்க பந்தயம் கட்டினோம். யார் முதல்ல நாசி கண்டார் தொடுறாங்களோ, அவங்கதான் ஒரு வருஷம் வீட்டுல சமைக்கணும். பாத்திரமும் சேர்த்து. இப்ப சொல்லுங்க.

மீரான்: நான் வியாபாரிக்கா. ரெண்டு பக்கமும் எனக்கு வேண்டியவங்க...

லோகேஸ்வரி: அந்தத் திரைக்குக் கீழ தெரியுற செருப்பு நான் வாங்கிக் கொடுத்தது.

குணாளன்: ...லோகா.

லோகேஸ்வரி: வாங்க சார். தட்டோடயே வாங்க.

குணாளன்: ஒரு கரண்டி சோறுதாம்மா, சத்தியமா. பந்தயம் கட்டின பிறகு இந்தப் போர்டுக்கு ஐடியா கொடுத்ததே நான். கணக்கை நாக்குல சரிபார்க்க வேணாமா?

லோகேஸ்வரி: எத்தனை சரிபார்த்தாச்சு?

குணாளன்: பாதிகூட ஆகல. இந்தப் போர்டு மாட்டுற வரைக்கும் இங்க வெறும் தே ஓதான் குடிச்சேன்.

லோகேஸ்வரி: நாளையிலேர்ந்து அடுப்படி உங்களுக்கு. மசாலா டப்பா எங்க இருக்குன்னு காட்டுறேன்.

குணாளன்: சரி, தோத்துட்டேன். இன்னைக்குள்ளதை மட்டும் முடிச்சுடறேன். மீன், சோத்தோங், தால்ச்சா...

லோகேஸ்வரி: அது மூணும் சேராது. தால்ச்சா மீனை அமுக்கிடும். கூட இறாலும் விழுந்தாதான் எடுபடும்.

குணாளன்: ...உனக்கு எப்படித் தெரியும்?

லோகேஸ்வரி: பொதுவா... சொன்னேன்.

குணாளன்: மீரான் அண்ணே?

மீரான்: என்னை ஏன் சார் இழுக்கிறீங்க...

குணாளன்: ஐடியா கொடுத்தவன் கேக்கிறேன்.

மீரான்: இங்க மாட்டினது ரெண்டாவது போர்டு சார். இதுக்கு முன்னாடியே முதல் போர்டு மாட்டினது, அக்கா வேலை செய்ற பத்து காவான் ஊர்ல, என் தங்கச்சி காமாரியா கடையில. மாட்டின அன்னைக்கே ஒரு அக்கா ஃபேக்டரி டேக்கைக் கழட்டாமலே வந்து உட்கார்ந்தாங்களாம். இப்ப அறுபத்து ரெண்டு முடிஞ்சுபோச்சு... அக்கா, அந்தக் கடைசி பாஞ்ஜிரை இங்கயே ஊத்திடவா?