பிஸ்கட் டின்னில் வந்த பூட்டன்

ஷெல் விழுகிறது.

முதலில் கூவல். பிறகு கூவல் நிற்கும். நின்றால் நம் பக்கம்தான். ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறேன். மூன்று வருவதற்குள் நிலம் குதிக்கிறது. வாய் நிறைய மண். மண்ணில் வெடிமருந்து வாடை.

2009. மாசி மாதம். வன்னியில் முல்லைத்தீவுக் கடற்கரை. காலை ஏழு மணி பத்து நிமிடம். அப்பா தன் கைக்கடிகாரத்தை என் கையில் கட்டியிருந்தார். எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் நேரம் குறிக்கும் வேலை எனக்கு.

"பங்கருக்குள்ள இறங்கு! இறங்கு!" யாரோ கத்துகிறார்கள்.

எங்கள் தறப்பாள் கூடாரத்திலிருந்து பதுங்குகுழிக்கு இருபத்தெட்டுக் காலடி. அம்மா ஒரு கையில் தங்கையைத் தூக்கினாள். மறு கையில் டின்னை எடுத்தாள். இறங்கினோம். அப்பா கடைசியாகக் குதித்தார். டின்னைத் திறந்து பார்த்தார்.

எங்களிடம் ஒரே மாதிரி இரண்டு பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றில் சீனி. மற்றதில் காகிதங்கள். அம்மா எடுத்து வந்தது சீனி.

அப்பா திட்டவில்லை. ஏறினார்.

"போகாதீங்க! அடுத்தது வருது!" அம்மாவின் குரல்.

கூவல். நின்றது. ஒன்று. இரண்டு.

ஏழு பதினான்கு.

கூடாரம் இருந்த இடத்தில் அப்பா குப்புறக் கிடந்தார். டின் அவருக்கு அடியில் இருந்தது. இரண்டு கையாலும் அதைக் கட்டியிருந்தார். அம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். மூடி நசுங்கியிருந்தது. உள்ளே காகிதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

தங்கை இன்னும் பதினாறு நாள் இருந்தாள். வயிற்றுப்போக்கு. மருந்து இல்லை. சீனித் தண்ணீர் கொடுத்தோம். அம்மா தவறாக எடுத்து வந்த டின் அதற்குப் பயன்பட்டது. சீனி தீர்ந்த மறுநாள் அவளும் போனாள்.

அந்தக் காகித டின்னில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் பெயர் பதிந்த துண்டு ஒன்று. நான்காக மடித்தது. பெயர்: மருதமுத்து. தகப்பன்: முத்துக்கருப்பன். ஜில்லா: திருச்சினாப்பள்ளி. தாலுகா: உடையார்பாளையம். கீழே ஒரு கிராமத்தின் பெயர். அதை இங்கே எழுதவில்லை. அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மருதமுத்து என் பூட்டன். கொழுந்து கிள்ளக் கண்டிச் சீமை போனவர். திரும்பவில்லை. அவர் மகன் வீராசாமி என் தாத்தா. எழுபத்தேழு கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தைக் கொளுத்தினார்கள். தாத்தா டின்னோடு வன்னிக்கு ஓடினார். இடம்பெயர்ந்த பாதையில், அப்பாவுக்கு ஒரு மாதம் முன்னால், அவரும் செத்தார். சாகும்போது அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான். டின்னை விட்டுடாத. நமக்கு அங்க ஒரு ஊரு இருக்கு.

வன்னியில் எங்களுக்கு வேறு பெயர். தோட்டக்காட்டார். இந்தியாவிலிருந்து கூலி வேலைக்கு வந்த கூட்டம் என்று தமிழன் தமிழனைச் சொல்லும் வசை அது. பள்ளியில் எனக்குப் பின்னால் உட்கார்ந்த கலைவாணி என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். நான் வகுப்பில் முதல் மாணவி. பரிசு வாங்கி வந்து உட்கார்ந்தாலும் முதுகுப் பக்கமிருந்து அந்தச் சொல் வரும்.

போர் முடிந்த மறு வருடம் அம்மாவும் நானும் படகேறினோம். மிஞ்சியவர்கள் இரண்டு பேர். அம்மா மடியில் டின்.

இந்தியக் கரை. பெரிய கொட்டகை. நீண்ட வரிசை. பகல் பன்னிரண்டரை. பதிவு எழுதுகிறவர் களைத்திருந்தார்.

"யாருக்காச்சும் எழுதத் தெரியுமா?"

கை தூக்கினேன்.

"அப்ப உங்க படிவத்த நீயே எழுதிடும்மா."

எழுதினேன். அடித்தல் இல்லை. திருத்தல் இல்லை. அவர் வாங்கிப் பார்த்தார். "முத்து முத்தா எழுதறியே!" என்றார். அம்மா கீழே கைநாட்டு வைத்தாள். "எல்லாம் சரியா எழுதினியா?" என்று கேட்டாள். எழுதினேன் என்றேன். எங்கள் வம்சத்தில் அரசாங்கக் காகிதத்தில் எங்கள் கையாலேயே எழுத்து ஏறியது அன்றுதான். தலை நிமிர்ந்து நின்றேன்.

எங்களைப் பெரம்பலூர் முகாமுக்கு அனுப்பினார்கள். எங்களைக் கேட்டு அனுப்பவில்லை. அங்கேதான் பன்னிரண்டாவது முடித்தேன். பி.ஏ., எம்.ஏ. முடித்தேன். இப்போது லப்பைக்குடிக்காட்டில் ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டுகிறேன். அகதிக்கு அரசு வேலை இல்லை. முகாமில் ஆள் எண்ணுவார்கள். கூப்பிட்டால் அம்மா வாசலில் வந்து நிற்க வேண்டும். முழங்கால் வீங்கியிருந்தாலும் நிற்க வேண்டும். பதினைந்து வருடமாக நிற்கிறாள்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஆபீஸில் சொன்னார்கள். உங்கள் பூட்டன் இந்த மண்ணில் பிறந்தவர் என்று காட்டுங்கள். அங்கிருந்து உங்கள் வரைக்கும் ஒரு கண்ணி விடாமல் காட்டுங்கள். குடியுரிமைக்கு மனு போடலாம்.

அன்று மாலை அம்மா டின்னைத் துடைத்தாள். "உங்கப்பா இதுக்குத்தான் போனாரு" என்றாள். அப்பா எதற்காகச் செத்தார் என்று சொல்ல எங்களிடம் அந்தத் துண்டு ஒன்றுதான் இருந்தது. அது செல்லாது என்றால் அவர் வெறும் டின்னுக்காகச் செத்தவர்.

தேடினேன். ஜில்லா உடைந்து மாறியிருந்தது. கிராமத்துக்கு இப்போது வேறு பெயர். வாரத்தில் ஒரு நாள் கடையில் விடுப்பு. அரியலூர் பஸ். பழைய பதிவேடுகள் வைத்த அறை. தொட்டால் பக்கம் உதிரும். ஆறு முறை ஒன்றுமில்லை. ஏழாவது முறை, காலை பதினொன்றே முக்காலுக்கு, அவர் கிடைத்தார்.

முத்துக்கருப்பன் மக்கள் மருதமுத்து, நல்லமுத்து. இருவர் பேரிலும் ஒரு நிலம். அடுத்த பதிவேட்டில் தம்பி நல்லமுத்து மட்டும். ஓரத்தில் சின்ன எழுத்து. மூத்தவர் கண்டியில் இறந்தார். வாரிசு இல்லை.

வாரிசு நின்றுகொண்டு அதைப் படித்தாள்.

வாரிசு இல்லை என்று எழுதியிருப்பதால் நல்லமுத்து வழியில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். நல்லமுத்துவின் பேரன் இருந்தார். கலியபெருமாள். எனக்குப் பெரியப்பா முறை. ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவையும் டின்னையும் கூட்டிக்கொண்டு போனேன். பகல் மூன்று மணி. அவர் வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக்கல் சுரங்கம். மரம், வேலி, கூரை எல்லாம் வெள்ளை.

வாசலில் வைத்தே பேசினார்.

"சிலோன் கோஷ்டியா? எங்க தாத்தன் அவரு அண்ணனுக்குக் கருமாதி பண்ணி, மொட்ட அடிச்சு, ஊருக்கே சோறு போட்டாரு. கருமாதி ஆன ஆளு புள்ள பெத்தாராமா?"

"அவரு சாகல பெரியப்பா. தோட்டத்துல இருந்தாரு."

"பெரியப்பாங்காத. இன்னிக்கு முறை சொல்லுவ, நாளைக்குப் பங்கு கேப்ப."

"பங்கு வேணாங்க. கையெழுத்துப் போதும்."

"ஏன், கேட்டாத்தான் என்ன?" வீட்டுக்குப் பின்னால் கை காட்டினார். "அந்தா கெடக்கு உங்க பூட்டன் நெலம். அறுபதடிக் குழி. ஆளுக்குப் பாதி. மேல்பாதி வேணுமா, அடிப்பாதி வேணுமா?"

வீட்டுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பதிவேட்டின் நகலை நீட்டினேன். தொடவில்லை.

"காயிதம் கெடக்கட்டும். எங்க குலசாமி யாரு? அதச் சொல்லு பாப்பம்."

எனக்குத் தெரியாது. எம்.ஏ. படித்தவள் விழித்தேன். பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

"பச்சாயி. பொங்கலுக்கு உப்புப் போடக் கூடாது. மூணு எல விரிக்கணும். மூணாவது எலயில ஒண்ணும் வைக்கக் கூடாது. எங்க மாமனாரு சொல்லிக் குடுத்தது."

கலியபெருமாள் நகலுக்குக் கை நீட்டினார். உள்ளே சிரிப்பும் நின்றது. ஏழு முறை போய்ப் பதிவேடு புரட்டி நான் கொண்டு வந்ததற்கு அசையாதவர், வெற்று இலைக்கு அசைந்தார்.

அப்போது சுரங்கத்தில் சைரன் ஊதியது. மூன்று இருபது. நீளமாக ஒன்று. குட்டையாக இரண்டு.

"வெடி வைக்கிறான்! கூரைக்கு உள்ள வாங்க! வெடி!"

எல்லோரும் நிதானமாக உள்ளே போகிறார்கள். அவர்களுக்குத் தினமும் நடப்பது. அம்மாவைக் காணோம். சைரன் நிற்கிறது. ஒன்று. இரண்டு. நான் எண்ணுகிறேன். நிலம் குதிக்கிறது. கூரை ஓடு சலசலக்கிறது.

அம்மா வாசல் மண்ணில் குப்புறக் கிடந்தாள். டின் அவளுக்கு அடியில். இரண்டு கையாலும் கட்டியிருந்தாள். அந்தக் கிடப்பு எனக்குத் தெரியும். ஏழு பதினான்குக்குப் பார்த்தது.

"ஆத்தாடி, இதுக்கே படுத்துட்டாங்களே!" என்றாள் ஒருத்தி. மறுபடி சிரித்தார்கள். எழுதி வைக்கிறேன். சிரித்தார்கள். புடவையெல்லாம் வெள்ளைத் தூசி. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.

கலியபெருமாள் கையெழுத்துப் போட்டார். பேனா என்னுடையது. "குலசாமிக்காவப் போட்டேன். உனக்காவ இல்ல. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க" என்றார்.

பஸ்ஸில் அம்மா தூங்கினாள். நான் தூங்கவில்லை. வம்சாவளிப் படத்தை அன்றே வரைந்து முடித்தேன். முத்துக்கருப்பன். மருதமுத்து. வீராசாமி. செல்வராசு. அதற்குக் கீழே நான். ஐந்து தலைமுறை. ஒரு கண்ணியும் விடவில்லை.

செவ்வாய்க்கிழமை. பெரம்பலூர். ஒரு ஆபீஸ். காலை பதினொன்று இருபது. அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மேடம் ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். தோட்டத்துத் துண்டு. பதிவேட்டு நகல். சாட்சிக் கையெழுத்து. "படம் நீயே வரஞ்சியா? நல்லாருக்கு" என்றார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழைய கோப்பை எடுத்தார். எங்கள் முதல் கோப்பு. கரையில் எழுதியது.

"இது யாரு கையெழுத்தும்மா?"

"என்னோடது மேடம்."

"படி."

படித்தேன். தந்தை பிறந்த ஊர்: முல்லைத்தீவு. தாத்தா பிறந்த ஊர்: முல்லைத்தீவு. பூர்வீகம்: முல்லைத்தீவு. மூதாதையர் இந்தியாவிலிருந்து சென்றவர்களா: இல்லை.

இல்லை என்பதற்கு அடிக்கோடு போட்டிருந்தேன்.

சின்ன வயது, மறந்துவிட்டது என்று எழுதலாம். அது பொய். மறக்கவில்லை. அன்று அந்தக் கொட்டகையில் வரிசையில் எனக்குப் பின்னால் கலைவாணி நின்றாள். அவர்களும் அதே படகில் வந்தவர்கள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டின்னில் இருந்த ஊரை எழுதினால் இந்த நாட்டிலும் நான் தோட்டக்காட்டாள். அவளுக்குத் தெரியும்படி பெரிதாக எழுதினேன். அந்தக் காகிதத்தை யார் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். வைத்திருந்தார்கள்.

"எத நம்பறது? அப்ப எழுதினதயா, இப்பக் கொண்டாந்ததயா?" என்றார் மேடம். குரலில் கோபம் இல்லை. "இத வேற யாராச்சும் எழுதி, உங்கம்மா வெறும் கைநாட்டு வெச்சிருந்தா, எழுதினவன் தப்பா எழுதிட்டான்னு சொல்லிப் பாக்கலாம். படிச்ச புள்ள நீ, உன் கையாலயே எழுதியிருக்க. பலனுக்காக இப்ப மாத்திச் சொல்றன்னுதான் மேல இருக்கிறவங்க சொல்லுவாங்க. இது நிக்காதும்மா."

தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். பதினொன்று முப்பத்தெட்டு.

வெளியே அம்மா எழுந்து நின்றாள்.

"என்ன சொன்னாங்க?"

"இன்னும் ஒரு காயிதம் வேணுமாம்."

"எது? டின்னுல நல்லாப் பாத்தியா?"

பார்க்கிறேன் என்றேன். அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். நான் இன்னும் பார்க்கிறேன் என்கிறேன். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால்தான் இதை எழுத முடிகிறது.

இழந்தவர்களை எண்ணி எழுதுகிறேன்.

தாத்தா வீராசாமி. தை மாதம். பாதையோரம்.

அப்பா செல்வராசு. மாசி மாதம். காலை ஏழு பதினான்கு.

தங்கை யோகா. வயது நான்கு. சீனி தீர்ந்த மறுநாள்.

மூவருக்கும் குழி வெட்டினோம். மூன்று இடமும் இப்போது தெரியாது.

இழந்தவை. எரிந்த லயத்தில் ஓர் அறை. ஒரு கூடாரம். படகுக்காரர் கழற்றி வாங்கிக்கொண்ட அப்பாவின் கைக்கடிகாரம். அறுபதடி ஆழத்தில் ஒரு நிலம்.

பூட்டன் மருதமுத்து. அவரை இரண்டு முறை இழந்தோம். முதல் முறை அவர் தம்பி, கருமாதி செய்து. இரண்டாம் முறை நான். பன்னிரண்டு வயதில். நீல மையில். அடித்தல் திருத்தல் இல்லாமல்.