அய்யனாருக்கு வரிக்குதிரை

குளம்பு வரைக்கும் கோடு போட்டு வச்சிருக்காருங்க. பிடரி மசுரையாவது விட்டுவச்சாரா? அதுலயும் ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. காலுல குறுக்கால, வயித்துல மேலருந்து கீழ. செஞ்ச கோளாறை எம்புட்டுச் சுத்தமா செஞ்சிருக்காரு பாருங்க... இந்தப் பை இடிக்குதா? இங்கிட்டு இழுத்துக்கிறேன். வெள்ளைப் பெயிண்டு டப்பா, ரெண்டு இருக்கு. இந்த பஸ்ஸு ஒரு பள்ளத்தையும் விடுறதில்லை.

ஆமாங்க, வரிக்குதிரைதான். நெசக் குதிரை இல்லை, மண்ணுல செஞ்சது. எங்க ஊருல இன்னைக்குப் புரவியெடுப்பு. மண்ணு வனையிற வேளார் கொட்டகையில நிக்கிற மண்குதிரையை நாலு மணிக்குத் தோள்ல தூக்கிக்கிட்டுப் போயி அய்யனாரு கோயில்ல வைக்கணும். காலையில சூடம் கொளுத்தலாம்னு போனேன். என் நேர்த்திக் குதிரை வெள்ளைவெளேர்னு, கழுத்துல மணியும் முதுகுல செவப்பு ஜமக்காளமும் வரைஞ்சு, லட்சணமா நிக்கிது. எம்மகன் குணசேகரனுக்குக் கால் முறிஞ்சு கூடுனதுக்கு நேந்துக்கிட்டது. பக்கத்துல ஊருப்பொதுக் குதிரை. கன்னத்துல போட்டுக்கக் கையைத் தூக்குனவ, தூக்குனபடியே நின்னுட்டேன். அய்யனாரு இதுல ஏறி வேட்டைக்குப் போனா, எதுத்தாப்புல வர்ற நாய்கூட சிரிக்காதா?

பெயிண்டரு பேரு ஆத்மநாதன். போர்டு எழுதுவாரு, பள்ளிக்கூடத்துச் சொவத்துல மிருகமெல்லாம் வரைவாரு. ஏன்யா இப்பிடின்னு கேட்டா பாடம் நடத்துறாரு. ஒண்ணுக்கு இருக்குற கோடு இன்னொண்ணுக்கு இருக்காதாம், நம்ம கைரேகை மாதிரி. கோடு இருந்தா ஈ அம்புட்டா உக்காராதாம். "மண்குதிரை மேல ஈ எதுக்கு ஆத்மநாதா உக்காரப் போகுது?"ன்னேன். "ஒரு தகவலுக்குச் சொன்னேங்க்கா"ங்குறாரு.

அதைவிடக் கொடுமை... வெள்ளை மேல கறுப்புக் கோடுன்னா, மேல ஒரு பூச்சுப் பூசி மறைச்சிறலாம். வரிக்குதிரைக்கு உள்தோலு கறுப்பாம்ல. அதனால மொதல்ல குதிரை பூராவும் கறுப்படிச்சிட்டு, அதுக்கு மேல வெள்ளைக் கோட்டை இழுத்திருக்காரு. தோலை உரிச்சா பாக்கப் போறோம்? இப்ப எத்தனை தடவை அடிச்சாலும் கறுப்பு எட்டி எட்டிப் பாக்குது. நீங்க சித்தன்னவாசல்ல ஓவியம் பாக்கப் போறேன்னீங்கள்ல, அங்க இருக்குற வர்ணம் இருடா இருடான்னாலும் உதிருது. இது போடா போடான்னாலும் போகலை.

ஊருக்குப் பெரியவரு, எங்க அம்பலம் முனியசாமி அண்ணனுக்கு வந்துச்சு பாருங்க கோவம். "சாமியக் கேலி பண்ணுன கை இனி எந்தக் குதிரையிலயும் படக்கூடாது"ன்னுட்டாரு. அவரு ஒரு சொல்லு சொன்னா சுத்துப்பட்டுல வேற யாரும் அந்த மனுசனை வேலைக்குக் கூப்பிட மாட்டாக. ஆத்மநாதன் பிரஷ்ஷைக் கையில வச்சுக்கிட்டு என்னையப் பாத்து, "அக்கா, நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்"ங்குறாரு. நான் சொன்னேனாங்க? "நான் ஏம்ப்பா அப்பிடிச் சொல்லப் போறேன்"னு ஊருக்கு முன்னாடியே சொல்லிட்டு, பெயிண்டு வாங்கியாறேன்னு டவுனுக்கு வந்துட்டேன்.

போன்லதான் பேசி அனுப்புனேன். எங்க வீட்டுக்காரரு விழாக் கமிட்டியில இருக்காரு. அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, அதான் நான். இந்தாங்க போனு, என்ன சொன்னேன்னு நீங்களே கேளுங்க. அந்த முக்கோணத்தை அமுத்துங்க, நான் கண்ணாடி எடுத்தாரலை.

"...ஆத்மநாதா, செவந்தி அக்கா பேசுறேன்ப்பா. கொட்டகையில ரெண்டு நிக்கிதுல்ல, குட்டையா இருக்குறது என் நேர்த்திக் குதிரை, அதை வெள்ளையா அடிச்சிரு. உசரமா நிக்கிறது வரிக்குதிரை. அதைத்தான் ஊரே பாக்கும், பாத்துச் செய்யி..."

இன்னொருக்காப் போடுங்க.

...வரிக்குதிரைன்னுதான் சொல்லியிருக்கேன். ஏங்க, திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி போடுவோம்ல. அந்த வரியில செஞ்ச குதிரையை வரிக்குதிரைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது? எங்க வீட்டுல அப்பிடித்தான் சொல்லுவோம். பள்ளிக்கூடத்துச் சொவத்துல வரையிற மனுசன் காதுல அது எப்பிடி விழும்... சிரிக்காதீங்க. சரி, சிரிச்சுக்கங்க.

அழிச்சிறலாமா? அழிச்சாலும் அழிச்சதைக் காட்டுமாம்ல, எம்மக சிவரஞ்சனி சொல்லியிருக்கா.

ஏங்க... அந்த மனுசன் அத்தனை பேரு முன்னாடி இதைப் போட்டுக் காட்டியிருக்கலாம். சட்டைப் பையிலதான் போனு இருந்துச்சு. காட்டலை.

தப்பு செஞ்சவங்களுக்கு நல்ல புத்தி குடு சாமின்னு வேண்டிக்கிட்டேதான் பஸ் ஏறுனேன். யாருக்குக் குடுக்கணும்னு அய்யனாருக்குத் தெரிஞ்சிருக்கு.

நீங்க எறங்குற ஸ்டாப்பு வந்துரும். அதுக்கு முந்தி முனியசாமி அண்ணன் பேரை எடுத்து, அந்த மைக்கை அமுத்திப் பிடிச்சுக்கங்க. கையை எடுத்துறாதீங்க, பாதியில போயிரும்.

"அண்ணே, செவந்தி பேசுறேன். ஆத்மநாதன் மேல ஒரு குத்தமும் இல்லண்ணே. வரிக்குதிரைன்னு சொன்னவ நான்தான். ஊரு வரியில செஞ்சதுன்னு நெனச்சுச் சொன்னேன். நானே வந்து எல்லாரு முன்னாடியும் சொல்றேன், அதுவரைக்கும் அவரை அனுப்பிறாதீங்க. வெள்ளையடிச்சு நாலு மணிக்குள்ள காயலைன்னா... காயலைன்னா என் வெள்ளைக் குதிரையை ஊருக் குதிரையா முன்னால தூக்கிக்கங்க. குட்டைதான், பரவாயில்லை. கோடு போட்டது என் நேர்த்தியா இருந்துட்டுப் போகட்டும்."

எடுங்க கையை. போயிருச்சா?

சரி, பாத்து எறங்குங்க.