இமெயில் குரூப்புக்கு வெற்றிலை பாக்கு

பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்குத் தெரு முளைத்திருந்த சமயம். திண்டுக்கல்லிலிருந்து பழனி போகும் பஸ்ஸில், என் முன்சீட்டுக்காரர் மடியில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைத்த தட்டு இருந்தது. பக்கத்தில் அவருடைய நண்பர்.

“கல்யாணத்துக்குக் கூப்பிடப் போறீங்களாண்ணே?” என்றார் கண்டக்டர்.

“கல்யாணம் இல்ல தம்பி. எங்க காலேஜ் செட்டுக்கு இமெயில் குரூப் ஆரம்பிச்சிருக்கேன். பாலசமுத்திரத்துல ஒருத்தன், மெயில்ல கூப்பிட்டா வரமாட்டானாம். வீட்டுக்கு வந்து முறையா அழைக்கணுமாம்.”

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார். ரெட்டியார்சத்திரம் தாண்டியதும் நண்பர் தட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டார்:

“என்னைய எப்படிடா கூப்பிட்ட?”

“மெயில்லதான். நீதான் அன்னைக்கே சேந்துட்டியே.”

“ஒரு வார்த்தை கூப்பிட்டதும் வந்துட்டேன்ல, அதான் இம்புட்டு இளக்காரம்.”

“ஏலே, அவன் கோவக்காரன். நீ நம்ம ஆளு.”

“நம்ம ஆளுக்குத் தட்டு கிடையாது, அப்படித்தான?”

ஒட்டன்சத்திரத்தில் நண்பர் விருட்டென்று இறங்கிவிட்டார். தட்டுக்காரர் ஜன்னல் வழியே தலையை நீட்டி, “எங்கடா போற?” என்று கத்தினார்.

“வீட்டுக்கு. குரூப்ப விட்டு விலகிக்கிறேன். வந்து கூப்பிடு, சேந்துக்கிறேன். தனியா வராத. உன் சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு வா.”