வேலிக்குள்ளே இருந்த மணல்

— ஏலே டிக்சன், பூவை அம்மா கல்லறையில வச்சிட்டு இங்கன வா. மணல்மேட்டு வேலியப் பிரிச்சு, மேட்டையே வழிச்சு எடுத்திருக்கானுவ.

— மெல்லப் பேசு எமில்டாக்கா. கல்லறைத் திருநாளும் அதுவுமா, சாமியார் கல்லறைகள மந்திரிக்க வந்துக்கிட்டு இருக்காரு.

— எப்படிலே மெல்லப் பேச? அந்த விசிறிக்கழுத்து ஓணானுக்கு உலகத்துலயே அந்த ஒத்த மேடுதான் மிச்சம். இந்தப் பக்கம் உப்பளம், அந்தப் பக்கம் துறைமுக ரோடு.

— அதுக்கில்லக்கா... கம்பெனிக்காரன் மணல் அள்ளப்படாதுன்னு கோர்ட்டுல நீ தடை வாங்கினேல்லா?

— அந்த ஆத்திரத்துலதான் ஆளில்லாத நேரம் பாத்து அள்ளியிருக்கான். சும்மா விடமாட்டேன்.

— ஓணான் ஓடித் தப்பிச்சிருக்கும்.

— எங்க ஓடும், உப்புப் பாத்திக்கா? நாயி கடிச்சுப் போட்டிருக்கு, பாத்துட்டுதான் வாரேன். பெருசுக எப்படியும் ஒரு வருசந்தாம்ல உசுரோட இருக்கும். மழைக்கு மணலுக்குள்ள முட்டை விட்டிருந்துச்சு. அதுவும் போச்சுன்னா அந்த இனமே போச்சு.

— முட்டை எப்படிக்கா இருக்கும்?

— சின்னதா, வெள்ளையா, சுண்டுவிரல் நகம் தண்டிக்கு. எதுக்குக் கேக்க?

— அதுக்கில்ல...

— என்னலே முழிக்க? அங்கன குட்டியானை வண்டி டயர்த் தடந்தான் கிடந்துச்சு. கம்பெனிக்காரன் லாரிலல்லா வருவான். ஏலே, உன் வண்டியா?

— ஊரே கேட்டுச்சுக்கா. கல்லறைக்குப் புதுமணல் குவிக்கணும்லா? கடக்கரை மணல்ல பூரா துறைமுகத்து நிலக்கரித் தூசி. தடை கம்பெனிக்காரனுக்குத்தான, நமக்கு என்னன்னு நெனச்சுட்டோம்.

— வேலி போட்டது நானுன்னு தெரியும்லாலே?

— தெரியும். நீதான போன்ல சொன்ன, அம்மாவுக்கு இந்த வருசமாவது கரியில்லாத நல்ல மணலாப் போடுன்னு. மொத நடை அம்மாவுக்குத்தான் அடிச்சேன்.

— சரி. அழுது என்ன செய்ய. அந்த மெழுகுதிரிய எல்லாம் அணைச்சு எடு. யாரையும் மிதிக்க விடாத. அம்மா மேல கிடக்கிற மணலக் கையால மெல்லத் தள்ளிப் பாப்போம். நாலு முட்டையாவது கிடக்கும்.

— கிடக்காதுக்கா. நீ நல்ல மணலாப் போடச் சொன்னேன்னு சல்லடை போட்டுச் சலிச்சுத்தான் கொட்டினேன். மேல வெள்ளையா நின்னதெல்லாம் சிப்பின்னு நெனச்சு ரோட்டுல உதறிட்டேன்.