அப்பா செத்த கமெண்ட்

– சிரிக்காத ஜூடு. காலைப் பூசையில அப்பா பேரை வாசிச்சிருக்காங்க. “ராயப்பன் ஆசிரியரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக”ன்னு. அவரு முன்பெஞ்சுல முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு.

– வேற ராயப்பனா இருக்கும்க்கா.

– ரிட்டயர் ஆன கணக்கு வாத்தியார் ராயப்பன் விளாங்குடியில எத்தனை பேருடா? ஃபாதர் ஊருக்குப் புதுசு. சீட்டுல இருந்ததை வாசிச்சுட்டாரு. கோயிலே திரும்பி அப்பாவைப் பாத்திருக்கு. பூசைக்குப் பேரு எழுதிக் குடுத்தது எஸ்தர், அவருகிட்டப் படிச்ச பிள்ள. போன்ல கேட்டேன். “யூடியூப்ல அவரு மகனே எழுதியிருந்தாருக்கா”ன்னு அழுவுது.

– அது சும்மா போட்டதுக்கா. எங்க செட்டுல ஒரு போட்டி.

– என்ன போட்டி?

– பழைய சோகப் பாட்டுக்குக் கீழ யாரு கமெண்டு மேல நிக்குதுன்னு. அழகுபாண்டி இல்லாத லவ்வரைக் கேன்சர்ல கொன்னான். லைக் அள்ளிருச்சு. கருப்பு தனக்கு ஒரு கால் இல்லைன்னு எழுதுனான். ஹீரோவைக் கலாய்ச்சா அவன் ஃபேன்ஸ் வந்து திட்டுறதோட போச்சு. சாவுன்னா எல்லாப் பயலும் நின்னு லைக் போட்டுட்டுப் போவான்.

– அதுக்கு அப்பாவைக் கொன்ன.

– “இந்தப் பாட்டைக் கேட்டுக்கிட்டேதான் எங்கப்பா ராயப்பன் வாத்தியார் கண்ணை மூடுனாரு.” ஒரே வரிக்கா. பேரு போட்டாத்தான் நம்புவாங்க.

– அவரு சினிமாப் பாட்டே கேக்க மாட்டாரே.

– அது அவங்களுக்குத் தெரியுமா?

– கீழ இருக்கிறதை வாசிச்சேன். “எங்கப்பாவும் செத்துட்டாரு, எனக்கும் ஒரு லைக்”னு ஒருத்தன் கையேந்துறான். “அங்கிள் பல்லவியில போனாரா, சரணத்துலயா”ன்னு இன்னொருத்தன். அவனுக்கு நீ சிரிப்பு பொம்மை போட்டிருக்க.

– பதில் போட்டாத்தான் மேல நிக்கும்க்கா.

– அழி. என் கண்ணு முன்னாடி அழி.

– அழிக்கிறேன். ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துக்கிறேன், செட்டுல காட்டணும்.

– ச்சீ. உன்னையெல்லாம் ஒரே தட்டுல சாப்பிட வச்சு வளத்தோம் பாரு.

– சரி, அப்பா எங்க? உள்ளயா? நானே சொல்லிடுறேன்.

– உள்ள இல்ல. நீ மத்தியானம் வரைக்கும் கவுந்தடிச்சுக் கெடந்த. அவரு பூசை முடிஞ்சு வந்து என் போனை வாங்கி அம்புட்டையும் வாசிச்சாரு. உன்னைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. ஒரு கமெண்டுல மட்டும் நின்னுட்டாரு. “இந்த வாத்தியார் என்னை வெயில்ல முட்டி போட வச்சு அடிச்சாரு. போய்ச் சேரட்டும்.”

– அதுல பேரு இருக்காதேக்கா.

– பேரு இல்ல. இது நல்லகாமன்தான்னாரு. யாருப்பா அதுன்னேன். உசிலம்பட்டியில வேலை பாத்தப்ப படிச்ச பையனாம். இவரு அடிச்ச மறுநாளே படிப்பை நிறுத்திட்டானாம். நான் தடுக்கத் தடுக்க சட்டையை மாட்டிக்கிட்டு ஆரப்பாளையம் போயி பஸ் ஏறிட்டாரு.

– எதுக்கு?

– மன்னிப்புக் கேக்க. வேற எதுக்கு?

– அக்கா, அவருக்குப் போன் போடு. திரும்பி வரச் சொல்லு.

– ஏன்?

– போடுக்கா, சொல்றேன்.

– சொல்லு, போடுறேன்.

– அதை எழுதுனது நல்லகாமன் இல்ல. நான்தான். எனக்கு இன்னொரு ஐடி இருக்கு. யாராச்சும் திட்டுனாத்தான் சண்டைக்கு ஆளு சேரும். செத்தவரைத் திட்டுறியேன்னு நாலு பேரு வருவான். கமெண்டு மேல ஏறும்.

– நீயே அப்பாவைக் கொன்னு, நீயே போய்ச் சேரட்டும்னும் எழுதுன.

– எல்லாரும் அப்படித்தான் செய்யுறாங்க.

– முட்டி போட வச்சது உனக்கு எப்படித் தெரியும்? அவரு நம்மகிட்டச் சொன்னதே இல்லையே.

– வாத்தியார்னா வேற என்ன செய்வாங்க? குத்துமதிப்பா அடிச்சு விட்டேன்.

– தள்ளி உக்காரு. உன் மூச்சுக் காத்து என் மேல படக்கூடாது.

– திட்டிக்கோ. முதல்ல போனைப் போடு. அந்த ஆளு தான் எழுதலைன்னு சொன்னா அப்பா அசிங்கப்பட்டு நிப்பாரு.

– இரு, அவரே கூப்பிடுறாரு. வாயைத் திறக்காத. சொல்லுங்கப்பா. பாத்துட்டீங்களா? ம். அப்படியா? சரி. சரிப்பா. பாத்து வாங்க.

– என்னக்கா, நான்தான்னு தெரிஞ்சிருச்சா?

– நல்லகாமன் கயித்துக் கட்டில்ல உக்கார வச்சு காபி குடுத்தானாம். அப்பா விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்காரு. அவன் அதுல என்ன எழுதியிருக்குன்னு கேட்டுட்டு, “ஆமா சார், நான்தான் எழுதுனேன்”னு சொன்னானாம்.